ஆட்டத்துக்குச் சின்னச் சாமிகள் செய்த விதம்

எங்கள் கேம்பெய்னில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசித் தொடர்ந்து ஆடுகிற கதையாட்டத்தில், சாமிகள் ஒருவழியாக நிலைத்துவிட்டன. ஆடுகிறவர்கள் இப்போது ஒரு ஊருக்குள் கால் வைக்கும் முன்பே "இது யாரு எல்லை?" என்று கேட்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிற நான் எதையும் நினைவூட்ட வேண்டியிருப்பதில்லை. இந்த நிலைக்கு வர நாளாயிற்று. இடையில் எழுதியதில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. எதைச் செய்தேன், எது நிற்கவில்லை, என்ன செலவு என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். தமிழில் ரோல்பிளே ஆட்டம் நடத்துகிற யாருக்காவது உதவும்.

ஆட்டம் நடப்பது பாளையங்கோட்டையில், ஒரு நண்பர் வீட்டு மச்சில். ஆடுகிறவர்கள் நான்கு பேர். என் சித்தி மகன் திருடனாக வருகிறான். பள்ளிக்கூட வாத்தியாரான ஒரு அண்ணாச்சி வாள்வீரர். கல்லூரியில் படிக்கிற தம்பி மந்திரவாதி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்திதான் கிளெரிக், அதாவது சாமியின் பெயரால் மந்திரம் போடுகிற பூசாரிப் பாத்திரம். விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. 1974-இல் தொடங்கிய ஆட்டத்தின் 2014 வடிவம் அது. அதன் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அதனால் வேண்டிய பக்கங்களைத் தமிழில் சுருக்கி எழுதி ஆளுக்கொன்று கொடுப்பதில் தடையில்லை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒளிக்கு ஒரு தேவன், இருளுக்கு ஒருத்தி, போர், சாவு, கடல், அறிவு என்று ஒரு பெரிய தெய்வக் குடும்பம். யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கும் யாருக்கும் பகை என்றெல்லாம் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மேசையில் அது எதற்கும் பயன்படவில்லை. கிளெரிக் ஆடுகிற தங்கச்சி எல்லாவற்றையும் படித்துவிட்டு, "எந்தச் சாமின்னாலும் ஒரே மந்திரந்தான வருது, பேரு மட்டுந்தான வேற?" என்றாள்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினால் அவள் சொன்னது அப்படியே அங்கே இருக்கிறது. அந்தப் பதிப்பில் கிளெரிக் தன் சாமியை நேரடியாகக் கூப்பிட பத்தாவது நிலைக்கு, அதாவது ஆட ஆடப் பாத்திரம் ஏறுகிற படிகளில் பத்தாவதுக்கு, வரவேண்டும். கூப்பிட்டால் நூறுக்குள் எண் வரும்படி டைஸ் உருட்ட வேண்டும். விழுந்த எண் தன் நிலைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் சாமி காது கொடுக்கும். பத்தாம் நிலையில் நூற்றுக்குப் பத்து. சாமி காது கொடுத்துவிட்டால் அப்புறம் ஏழு நாள் கூப்பிட முடியாது. எங்கள் ஆட்கள் அப்போது நான்காம் நிலை. அவள் சாமி அவளுக்கு வானத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு பெயர்தான். எனக்கு வேண்டியது கூப்பிடு தூரத்தில் நிற்கிற சாமி: பெரிய வேலை எதுவும் செய்யத் தெரியாது, ஆனால் கூப்பிட்டால் வரும், வந்தால் கூலி கேட்கும்.

கூப்பிடு தூரத்துச் சாமி என்றதும் இந்த ஊர்க்காரன் கை எங்கே போகும்? சுடுகாட்டுக்குப் பக்கம் பீடம், ஊர் எல்லையில் பீடம், வயலுக்கு நடுவில் ஒரு மரத்தடியில் பீடம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் இங்கே அபூர்வம். கொடை, அதாவது இந்தச் சாமிகளின் கோயில் திருவிழா, என்றால் கால்நாட்டு, குடியழைப்பு, வில்லுப்பாட்டு, மகுடச் சத்தம், சாமக்கொடை, சாமியாடுகிற கோமரத்தாடி சொல்லும் வாக்கு என எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. அதிலிருந்து ஒரு காவல் தெய்வத்தை, பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றி, மேசைக்குக் கொண்டுவந்தேன். சித்தி மகன் பேனாவை மூடி வைத்துவிட்டான். "எங்க சாமி வாக்க டைஸ் உருட்டிப் பாக்க மாட்டேன் அண்ணே. நீ பேர மாத்துனாலும் எனக்கு அவருதான தெரியுதாரு."

வாத்தியார் அண்ணாச்சி இன்னொரு காரணமும் சொன்னார். நம் பக்கத்துச் சாமிகளில் பலர் கொலைப்பட்டவர்கள், வஞ்சகமாகச் செத்தவர்கள். நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை தேடிப் பதிப்பித்த கதைப்பாடல்களில் அந்த ரத்தம் காயாமல் இருக்கிறது. சாதியை மீறிக் கல்யாணம் செய்த முத்துப்பட்டன்தான் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறார். அவருக்கு இன்றைக்கும் செருப்பு செய்து காணிக்கை வைக்கிறார்கள். "அந்தச் செருப்பக் கொண்டாந்து இங்க மந்திரச் செருப்புன்னு ஒருத்தன் கால்ல மாட்டிவிட நமக்கு மனசு வருமாவே?" என்றார். வராது. அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்தாயிற்று.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் மேசையின் முதல் விதி. உண்மையான சாமியின் பெயர், பெயரின் ஒட்டு, கதை, ஆயுதம், கோலம், பீடத்தின் வடிவம் எதுவும் ஆட்டத்துக்குள் வராது. மாடன், இசக்கி, பேச்சி, கருப்பன், முண்டன் என்று முடிகிற பெயரே கிடையாது. எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்றே ஒன்று: ஒரு சின்னச் சாமியும் ஒரு ஊரும் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்கிற அமைப்பு.

அந்த அமைப்பை நான்கு கேள்வியாகப் பிரித்தேன். எல்லை எதுவரை? ஏன் இந்த இடத்தில் நிற்கிறது? என்ன வாங்கிக்கொள்ளும்? எது பொறுக்காது? "எதற்கு அதிபதி" என்ற கேள்வியை அடியோடு எடுத்துவிட்டேன். முன்னால் செய்த பட்டியல் முழுக்க அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது, அதனால்தான் விழுந்தது. போர்த் தேவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. குளத்து மடையடியில் நிற்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

வரைபடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் சாமிகள் அதிலிருந்துதான் முளைத்தன. நாடு கற்பனை. ஆற்றுக்குக் கருவேணி என்று பெயர். ஆனால் நீர்ப்பாசனம் நம்முடையது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள் குளம் குளமாக நிறைத்து, ஒரு குளத்து மறுகால், அதாவது நிறைந்து வழிகிற தண்ணீர், அடுத்த குளத்துக்குள் விழுகிற முறை இருக்கிறதே, அதை அப்படியே வைத்துக்கொண்டேன். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்தையும் எடுத்துக்கொண்டேன். அது சாமியில்லை, அதனால் யாருக்கும் சங்கடமில்லை. ஏழு குளம், ஒரு வாரச்சந்தை, கிழக்கே ஒரு செம்மண் தேரி. எங்கள் மேசையில் மறுகால் என்றால் என்ன, கடைமடை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் குளங்கள் உடைந்ததைப் பார்த்தவர்கள் இவர்கள்.

முதலில் நின்ற சாமி ஒத்தப்பனையார். தேரி ஓரத்தில் தனியாக நிற்கிற ஒரு பனை. அதில் ஏறிக்கொண்டிருந்தவர், தூரத்தில் கொள்ளைக் கூட்டம் வருவதைப் பார்த்து ஊரைக் கூப்பிட்டுக் கத்தியபடியே, காலில் மாட்டியிருந்த தளைநார் அறுந்து விழுந்து செத்தார். எல்லை: அந்தப் பனையின் உச்சியிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற இடம் அத்தனையும். வாங்கிக்கொள்வது: உள்ளே புதுச் சுண்ணாம்பு தடவிய ஒரு கலயம். பொறுக்காதது: ஆபத்தைப் பார்த்தும் சொல்லாமல் போகிறவனை. அவரால் முடிந்தது ஒன்றுதான். அன்றைக்குப் பகலில் பனை உச்சியிலிருந்து எது தெரிந்திருக்குமோ அதைச் சொல்வார். ராத்திரி நடந்தது தெரியாது. வீட்டுக்குள் நடந்தது தெரியாது. ஒருவன் மனதில் இருப்பது தெரியவே தெரியாது.

இந்தக் குறுக்கம்தான் அவரை உயிரோடு வைத்தது. விதிப்புத்தகத்தில் குறி கேட்க இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று உண்டு. இருபத்தைந்து பொற்காசு பெறுமான குறிக்கட்டைகள் வேண்டும், அடுத்த அரை மணி நேரத்தில் செய்யப்போகும் காரியம் நல்லதா கெட்டதா என்று மட்டும் பதில் வரும். அதைக் கேட்டுவிட்டு யாரும் கதை பேசுவதில்லை, நல்லது என்றால் போவார்கள், கெட்டது என்றால் திரும்புவார்கள். பனையாரிடம் திருடுபோன விதைநெல் எங்கே என்று கேட்டபோது, "மேக்க மூணு வண்டி போச்சு. நடு வண்டிக்குப் பாரம் சாஸ்தி, சக்கரம் புதைஞ்சு புதைஞ்சு போச்சு. ஓடை தாண்டுனதுக்கு அப்புறம் கருவேல மரம் மறைச்சிட்டு" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியத்தை வைத்து நான்கு பேரும் வரைபடத்தின் மேல் குனிந்துவிட்டார்கள். பாரம் உள்ள வண்டி ஓடையை எங்கே தாண்டும், மரம் மறைக்கிற இடம் எது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள். கொள்ளைக்காரனும் உள்ளூர்க்காரன்தானே, அவனுக்கும் பனையார் விஷயம் தெரியும், அதனால் இனி ராத்திரியில்தான் நகர்வான் என்று கண்டுபிடித்தது கல்லூரித் தம்பி. அது என் மனதிலேயே இல்லாத யோசனை. உடனே எடுத்துக்கொண்டேன்.

அட்டை செய்ததில் கொஞ்சம் காசு வீணானது. சாமிக்கு ஒரு அட்டை என்று முடிவு செய்து, ஏ4 தாளை நாலாக வெட்டும் அளவில், அதாவது 105-க்கு 148 மில்லிமீட்டரில், 300 ஜிஎஸ்எம் போர்டில் அச்செடுத்தேன். கலர் பிரிண்ட் ஒரு தாளுக்கு 25 ரூபாய். லேமினேஷனுக்கு இன்னொரு 20. லேமினேட் செய்த அட்டையில் பென்சில் ஓடாது, டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணும் கூசும். நேர்ச்சையும், சாமிக்குச் செய்யவேண்டிய பாக்கியும் அட்டையிலேயே எழுதி அழிக்க வேண்டியவை, ஆகவே லேமினேஷனை நிறுத்தினேன். இரண்டாவது முறை எடுத்தது கறுப்பு வெள்ளை, வெறும் போர்டு, தாளுக்கு 8 ரூபாய். முன்பக்கம் ஐம்பது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. பனையார் அட்டை முதலில் நூற்றி இருபது வார்த்தை இருந்தது. செத்த கதையை இரண்டு வரியாக்கியதும் அடங்கியது. பின்பக்கம் காலி. அது பாக்கி எழுத.

அடுத்தது, சாமி வருகிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது. இருபது பக்க டைஸ் சரிப்படவில்லை. அதை உருட்டினால் உடனே பாத்திரத்தின் திறமைக் கூட்டலைச் சேர்க்கிறார்கள். எனக்குப் பிளஸ் ஐந்து, அவனுக்குப் பிளஸ் இரண்டு, அதனால் நானே கும்பிடுகிறேன் என்று ஆகிவிட்டது. கும்பிடுவது ஒரு திறமையாக மாறிவிட்டால் சாமி ஒரு பூட்டாகிவிடும். ஆகவே தாயம் விளையாடுகிற புளியமுத்துக்குப் போனேன். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு முத்து. அதற்குக் கூட்டலும் கிடையாது, கழித்தலும் கிடையாது, யார் வீசினாலும் ஒன்றுதான்.

கணக்கு இப்படி. முறையான படைப்பு, அதாவது சாமி வாங்கிக்கொள்கிற பொருள், கொடுத்திருந்தால் ஒரு வெள்ளை விழுந்தாலே சாமி வரும். பதினாறில் பதினைந்து வாய்ப்பு. அரைகுறைப் படைப்பு என்றால் இரண்டு வெள்ளை வேண்டும், பதினாறில் பதினொன்று. வெறுங்கை என்றால் மூன்று வெள்ளை, பதினாறில் ஐந்து. நான்கும் வெள்ளை விழுந்தால் கேட்டதற்கு மேலே ஒன்று தரும். நான்கும் கறுப்பு விழுந்தால் கோபம்.

இந்தக் கணக்கு சரியாக வரவேண்டுமானால் முத்து நேர்மையாக விழவேண்டும். முதலில் வாசல்படி சிமெண்டில் நன்றாகத் தேய்த்தேன். வெள்ளைப் பக்கம் தட்டையாகி, அந்தப் பக்கமே தரையில் படுத்துக்கொண்டு கறுப்பு மேலே காட்டியது. நிறைய வீசிக் குறித்துப் பார்த்ததில் அது கண்கூடாகத் தெரிந்தது. பிறகு 120 நம்பர் உப்புத்தாளில் மேல்தோல் மட்டும் போகிற அளவுக்கு, முத்தின் வளைவு கெடாமல், லேசாக உருட்டி உருட்டித் தேய்த்தேன். இரண்டு பக்கமும் வளைவு ஒத்திருக்கிற முத்தாகப் பொறுக்கி எடுப்பது முக்கியம். ஒரு கைப்பிடி முத்தில் நாலைந்துதான் தேறும். இப்போது ஏறக்குறைய பாதிக்குப் பாதி விழுகிறது. செலவு உப்புத்தாளுக்கு 15 ரூபாய்.

இவ்வளவும் ஆனபிறகு ஆட்டம் ஒரு இடத்தில் கெட்டது. சாமி என்ன வாங்கும் என்று தெரிந்துவிட்டதால் சித்தி மகன், "சந்தைல மொத்தமா இருவது கலயம் வாங்கி வண்டில போட்டுக்கிடுவோம்" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அட்டையில் விலை எழுதி வைத்தது நான்தானே, யாராக இருந்தாலும் மொத்தக் கொள்முதல்தான் செய்வார்கள். இதைச் சரிசெய்யக் கொடையைத்தான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கொடைக்கு ஒருவன் தனியாகக் காசு கொடுத்துவிட்டுப் போக முடியாது. தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு வீடு பிரிக்கிறார்கள். கொடுக்காத வீடு உண்டு, கொடுக்க முடியாத வீடு உண்டு, வாங்காதே என்று ஒதுக்கப்பட்ட வீடும் உண்டு. ஊரே சேர்ந்து சாமிக்குக் கட்டுப்படுகிறது.

அதனால் இரண்டு மாற்றம். ஒன்று, படைப்பு அந்த மண்ணில் விளைந்ததாகவோ செய்ததாகவோ இருக்கவேண்டும், அந்த ஊர்க்காரர் ஒருவர் கையால் வரவேண்டும். பனையாருக்குக் கலயம் வேண்டுமானால் அந்த ஊர்ப் பனையேறி ஒருவரோடு பேசி, அவர் நம்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, சாமி வந்துவிட்டால் அட்டையின் பின்னால் ஒரு பாக்கி ஏறும். அது காசில்லை, ஒரு வேலை. அதற்கு நாள் குறிப்பு உண்டு: பிசான அறுப்புக்குள், அடுத்த அமாவாசைக்குள் என்று. நாள் தாண்டினால் அந்தச் சாமியின் எல்லைக்குள் பாக்கி வைத்தவருக்கு முத்து வீசும் உரிமையே போய்விடும். பாக்கிக்கு ஒரு குன்றிமணியை அட்டை மேல் வைக்கிறோம். சிவப்பு தெரிவதால் மேசையில் இருக்கிற எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கும். குன்றிமணி நஞ்சு, அதனால் தங்கச்சியின் சின்ன மகன் மச்சுக்கு வருகிற நாட்களில் சிவப்புப் பாசிமணிக்கு மாறிவிடுகிறோம்.

சந்தைக்கு எழுதிய சாமி இதற்குப் பிறகும் நிற்கவில்லை. துலாக்கோலார் என்று பெயர். சந்தை நாளில் சந்தைக்குள் மட்டும் எல்லை, பொய் எடை பொறுக்க மாட்டார். எங்கள் ஆட்கள் யாருக்கும் சந்தையில் பொய் எடை போடும் தேவையே வரவில்லை, அவர் சும்மா நின்றார். பொறுக்காதது என்பது ஆடுகிறவர்களுக்குச் செய்ய ஆசை வருகிற காரியமாக இருக்கவேண்டும். கடன் பாக்கியோடு சந்தைக்குள் வருகிறவன் மடியில் இருக்கிற காசு கல்லாகக் கனக்கும் என்று மாற்றினேன். எங்கள் ஆட்களிடம் கடன் இல்லாத நாளே கிடையாது. அடுத்த ஆட்டத்திலேயே துலாக்கோலார் வேலைக்கு வந்துவிட்டார்.

சாமியின் குரல் யாருடையது என்பதில்தான் பெரிய திருப்பம். அதுவரை எல்லாச் சாமிக்கும் நானே பேசினேன். எத்தனை விதமாகப் பேசினாலும் அது ஆட்டம் நடத்துகிறவன் தரும் துப்பாகத்தான் கேட்டது. கோயிலில் வாக்கு வெளியூர் ஆளிடமிருந்து வருவதில்லை, கூட்டத்தில் நிற்கிற நம் ஆள் ஒருவர் மேல்தான் சாமி வருகிறது, நேற்று வரை நம்மோடு டீ குடித்த மனிதர்தான் சொல்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அன்று முதல், அந்த இடத்தில் எந்தப் பாத்திரம் இல்லையோ அதை ஆடுகிறவர் கையில் சாமி அட்டையைக் கொடுத்துவிடுகிறேன். அவர் மூன்று வாக்கியம் பேசலாம். அதற்கு மேல் கிடையாது. அருள் வந்ததுபோல் ஆடுவது, உடம்பை உலுக்குவது, உறுமுவது கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து சாதாரணக் குரலில் பேச வேண்டும். யாருடைய பாத்திரத்தின் மேலும் அவரைக் கேட்காமல் சாமி இறங்காது. இந்த மூன்றையும் எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி ஒட்டியிருக்கிறோம். எங்கள் வீடுகளில் அருள் என்பது வேறு விஷயம், அதைத் தொடாமல் இருக்க இந்த வேலி வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒன்றாக வேலை செய்தது மடைமூத்தாளிடம். மூன்றாம் குளத்து மடையடியில் நிற்கிறவள். கரை உடையப்போன ராத்திரியில் மடையின் கல்லைத் தூக்கி அடைக்கப்போய், கல்லோடு உள்ளே போனவள். எல்லை: அந்த மடைத் தண்ணீர் நனைக்கிற மண் எவ்வளவோ அவ்வளவு. கோடையில் மடையடியோடு நின்றுபோவாள், பிசானத்தில் கடைமடை வரை போவாள். வாங்கிக்கொள்வது நனைந்த விதைநெல் ஒரு கைப்பிடி. பொறுக்காதது முறை இல்லாமல் மடை திறப்பதை.

சண்டை நடந்தது கடைமடைக்கும் அப்பால், காய்ந்த தரிசில். நெல் வியாபாரியின் அடியாட்கள் எட்டுப் பேர், எங்கள் ஆட்கள் மூன்று பேர். திருடன் வேறு ஊரில் இருந்ததால் சித்தி மகன் கையில் மூத்தாள் அட்டை. தங்கச்சி முந்தின ஆட்டத்திலேயே ஒரு கிழவியிடம் நல்லபடியாகப் பேசி விதைநெல் வாங்கி வைத்திருந்தாள். கும்பிட எல்லாம் தயார், ஆனால் காலடியில் மண் காய்ந்து கிடக்கிறது. அது அவள் எல்லை இல்லை. அப்போது வாத்தியார் அண்ணாச்சி கேட்டார்: "மடையத் தொறந்துவிட்டா தண்ணி இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

கேள்வியின் கனம் எல்லோருக்கும் உடனே தெரிந்தது. மடையைத் திறந்தால் தண்ணீரோடு அவளும் வருவாள். ஆனால் அன்றைக்கு முறைத்தண்ணீர் நாலாம் குளத்துக்காரர்களுடையது. அவளுக்குப் பொறுக்காத காரியத்தைச் செய்துதான் அவளைக் கூட்டி வரமுடியும். தம்பி வேண்டாம் என்றான். தங்கச்சி, நாலாம் குளத்தாரிடம் போய்க் கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்றாள், அதற்கு நேரமில்லை. வாய்க்கால் நீளம் வரைபடத்தில் பதினோரு சென்டிமீட்டர், சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் என்று வைத்திருந்தோம். ஓடுகிற தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் என்று கொண்டால் முப்பத்தாறு நிமிடம் சொச்சம். அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கணக்குப் போட்டார்கள். இந்த வாக்குவாதம் சண்டையைவிட நீண்டது. நான் டீ போட எழுந்து போனேன், திரும்பி வந்தபோதும் அது நடந்துகொண்டிருந்தது.

வாத்தியார் திறந்தார். படைப்பு முறையாக இருந்தது, ஆனால் அவளுக்குப் பொறுக்காத காரியம் நடந்ததால் இரண்டு வெள்ளை வேண்டும் என்று முடிவு செய்தோம். மூன்று விழுந்தது. சித்தி மகன் அட்டையைப் பார்க்காமலேயே பேசினான். "வந்துட்டேன். நாலாங் குளத்துப் பிள்ளைகளுக்கு நீ என்ன சொல்லுவ? இந்தப் பிசானம் முடியுமட்டும் ராத்திரி மடைக்காவல் நீதான்." தண்ணீர் நனைத்த மண்ணில் அடியாட்களின் கால் புதைந்தது, சண்டை முடிந்தது. வாத்தியாரின் வாள்வீரர் அந்தப் பருவம் முழுக்க ஊரைவிட்டு வெளியே போக முடியாமல் மடையடியில் படுத்துக் கிடந்தார். அதற்குள் நடந்த ஆட்டங்களில் அவர் வேறொரு பாத்திரம் ஆடினார். நாலாம் குளத்தார் இன்னும் இவர்களோடு பேசுவதில்லை. இவ்வளவு கதையும் ஐம்பது வார்த்தை அட்டை ஒன்றிலிருந்து வந்தது.

மேசைக்கு அடையாளப் பொருள் வேண்டும் என்று தோன்றியது. பீட வடிவத்தை முதல் விதி தடுக்கிறது, ஆகவே ஒவ்வொருவருக்கும் வேறு உரு: மூத்தாளுக்குப் பிளந்த கல், பனையாருக்கு வாயுடைந்த கலயம், துலாக்கோலாருக்கு ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு. காருகுறிச்சியில் கொஞ்சம் மண் வாங்கி வந்து நாலு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தேன். சூளையில் வைக்காமல் காயவிட்டதில் கலயம் வெடித்தது, கல் மட்டும் தப்பியது. மீதி இரண்டையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் வார்த்தேன். ஒரு கிலோ 50 ரூபாய், அதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. இரண்டு பங்கு பவுடருக்கு ஒரு பங்கு தண்ணீர், பவுடரைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைப் பவுடரில் ஊற்றினால் கட்டி தட்டும். தராசின் கைக்குள் ஒரு ஊசிக் கம்பி வைத்தால்தான் ஒடியாது. அச்சுக்கு வீட்டில் கிடந்த தீப்பெட்டியும் மாத்திரை அட்டையும் போதும்.

மொத்தம் கூட்டினால் முதல் முறை வீணான லேமினேஷனையும் சேர்த்து 400 ரூபாய்க்குள்தான். டைஸ் செட் முன்பே இருந்தது.

இனி செய்யும்போது மாற்றப்போவது சில. வரைபடத்தைப் பேனாவில் வரைந்துவிட்டேன், மூத்தாளின் எல்லை பருவத்துக்குப் பருவம் மாறுகிறதால் மேலே டிரேசிங் தாள் ஒட்டிப் பென்சிலில் போட வேண்டியிருக்கிறது. கார் காலத்துக்கு ஒரு தாள், பிசானத்துக்கு ஒரு தாள், கோடைக்கு ஒன்று என்று ஆரம்பத்திலேயே மூன்று தாள் வைப்பது நல்லது. ஒரு வரைபடத்துக்கு மூன்று சாமிக்கு மேல் வேண்டாம். நான்காவதாக உப்பளத்துக்கு ஒருவரை எழுதிப் பார்த்தேன், அவர் எல்லை பனையார் எல்லையோடு மோதி, யாரைக் கும்பிடுவது என்ற குழப்பத்தில் ஒரு மதியம் போயிற்று. எல்லை மோதல் நல்ல கதைதான், ஆனால் அதற்கு முதலில் இரண்டு சாமியும் தனித்தனியாக மேசையில் பழகியிருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் பாக்கியை எழுதும்போது யாருடைய பாக்கி என்பதோடு அந்த ஊர்க்காரர் யார் கையால் படைப்பு வந்தது என்பதையும் எழுத இடம் விடவேண்டும். விதைநெல் கொடுத்த கிழவியின் பெயரை நாங்கள் யாரும் குறித்து வைக்கவில்லை. நாலாம் குளத்தாரோடு சமாதானம் பேச இப்போது அந்தப் பெயர்தான் வேண்டியிருக்கிறது. தங்கச்சி பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.